பீப் சத்தத்துக்கு முன்னும் பின்னும்

ஐசியூ வாசலில் நிற்கும் உறவினர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: “ரத்தம் எடுத்துட்டுப் போய் ரெண்டு நாள் ஆச்சு டாக்டரம்மா, இன்னும் என்ன கிருமின்னு தெரியலையா?” நியாயமான கேள்வி. சர்க்கரை அளவு சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. டெங்கு கார்டு இருபது நிமிடத்துக்குள் கோடு காட்டிவிடுகிறது. ரத்தத்தில் கிருமி பரவிப் படுத்திருப்பவருக்கு மட்டும் ஏன் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்?

நான் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். புதுக்கோட்டை, அரியலூர், தஞ்சாவூர்ப் பக்கமிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். கிருமியின் பெயரையும், அது சில முக்கியமான மருந்துகளுக்கு அடங்காமல் போகக் காரணமான மரபணுக்களையும் சுமார் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும் பி.சி.ஆர் பேனல் எங்கள் லேபுக்கு வந்த பிறகு, நாங்கள் பார்த்ததையும் பழகியதையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. இளம் டாக்டர்கள், நர்சுகள், லேப் ஆட்களுக்கு உதவும். நோயாளியின் வீட்டாரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அவர்கள் கையிலும் சில காரியங்கள் இருக்கின்றன.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில். ரத்தத்தில் கிருமி என்றால் அது கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரியவர்களின் ரத்தத்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு ஒரு சில கிருமிகள்தான் இருக்கும், சமயத்தில் ஒன்றுகூட இருக்காது. தொற்று முற்றி உடல் உறுப்புகளே செயலிழக்கும் செப்சிஸில் நினைவு தப்பிக் கிடப்பவருக்கும் அப்படித்தான். அதைக் கார்டில் ஒரு சொட்டு விட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் சத்துநீர் உள்ள பாட்டிலில் ரத்தத்தை விட்டு, உடம்புச் சூட்டில் வைத்து வளர்க்கிறோம். இதைத்தான் கல்ச்சர் என்கிறோம். கிருமி பெருகும்போது கரியமில வாயு வெளிவரும். எங்கள் மெஷினில் பாட்டிலின் அடியில் இருக்கும் பச்சை வட்டு அப்போது மஞ்சளாக மாறும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெஷின் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், மாறியதும் பீப் அடிக்கும். நிஜமான தொற்று என்றால் பெரும்பாலும் ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள் அடித்துவிடும். ஐந்து நாள் வரை அடிக்கவில்லையென்றால் ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் போகும்.

அந்த ஒரு மணி நேரப் பேனல் இந்தப் பீப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. இதைப் பல டாக்டர்களே கவனிப்பதில்லை. பாட்டிலில் வளர்க்காமல் ரத்தத்திலிருந்தே நேராகக் கண்டுபிடிக்கும் முறைகள் உலகத்தில் இருக்கின்றன, ஆனால் அவை பிடிக்கிற கிருமிகள் கொஞ்சம்தான், எங்களைப் போன்ற இடங்களுக்கு இன்னும் எட்டவும் இல்லை. ஆக, பேனல் மிச்சப்படுத்துவது பீப்புக்குப் பின்னால் உள்ள நேரத்தை. பீப்புக்கு முன்னால் வார்டில் தொலைகிற நேரத்தை எந்தப் பேனலாலும் திருப்பித் தர முடியாது.

அது எவ்வளவு தொலைகிறது என்று பார்க்க ஒரு சின்ன வேலை செய்தோம். ஒவ்வொரு பாட்டிலிலும் ரத்தம் எடுத்த நேரத்தை நர்ஸ் எழுத வேண்டும், மெஷினில் வைத்த நேரத்தை லேபில் எழுதுவோம். அவ்வளவுதான். பகலில் எடுத்தவை சீக்கிரம் வந்துவிட்டன. ராத்திரி எடுத்தவை வார்டு மேஜையிலேயே தூங்கி, காலையில் அட்டெண்டர் வந்த பிறகு மற்ற சாம்பிள்களோடு ஒரே டிரேயில் வந்தன. சில பாட்டில்களைத் தொட்டால் சில்லென்று இருந்தன. ‘கெட்டுப்போயிடும்’ என்று நல்லெண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். கல்ச்சர் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது, குளிரில் வளர்ச்சி நின்றுவிடும், சில கிருமி செத்தும் போகும். உடனே அனுப்ப முடியாவிட்டால் சாதாரண அறைச் சூட்டில் இருக்கட்டும். இப்போது ராத்திரி டியூட்டி டெக்னீசியன் எந்த நேரத்திலும் பாட்டிலை வாங்கி மெஷினில் செருகிவிடுகிறார். பார்கோடை ஸ்கேன் செய்து காலியாக உள்ள துளையில் வைக்கும் வேலைதான், யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். பைசா செலவில்லாமல் பல மணி நேரம் மிச்சமானது. இத்தனை விலை கொடுத்துப் பேனல் வாங்குவதற்கு முன்னால் எந்த மருத்துவமனையும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது ரத்தத்தின் அளவு. பெரியவர்களுக்கான பாட்டிலில் 8 முதல் 10 மில்லி விட வேண்டும். பல நாள் 2 மில்லி, 3 மில்லிதான் வருகிறது. ஒரு மில்லிக்கு ஒரு கிருமி கூட இல்லாத ரத்தத்தில் 2 மில்லி மட்டும் எடுத்துத் தேடுவது, ஏரியில் ஒரு சொம்பு மொண்டு மீன் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போன்றது. ஒவ்வொரு மில்லி கூடும்போதும் கிருமி கிடைக்கும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம் கூடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முடிந்தவரை இரண்டு கையிலும் தனித்தனியாகக் குத்தி, கைக்கு இரண்டு பாட்டில் எடுக்கச் சொல்கிறோம். “ஏற்கெனவே ரத்தமே இல்லாத மனுஷி, இத்தனை உறிஞ்சுறீங்களே சிஸ்டர்” என்று வீட்டார் சண்டைக்கு வருவார்கள். நான்கு பாட்டிலுக்கும் சேர்த்து 40 மில்லிதான் ஆகிறது. ரத்த தானத்தில் ஒரே தடவையில் 350 மில்லி எடுக்கிறார்கள். இதைச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள். குழந்தைகளுக்குக் கணக்கு வேறு, எடையைப் பொறுத்துக் குறைவாக, அதற்கென்று உள்ள பாட்டிலில் எடுக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். வட அமெரிக்காவில் அவசரப் பிரிவுகளுக்குக் கடுமையான செப்சிஸோடு வந்தவர்களிடம், மருந்து போடுவதற்கு முன்னும் போட்ட சில மணி நேரத்துக்குள்ளும் இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான ஆய்வு அது. முன்னால் எடுத்ததில் 31.4 சதவீதம் பேருக்குக் கிருமி வளர்ந்தது, பின்னால் எடுத்ததில் 19.4 சதவீதம் பேருக்குத்தான். நம் ஊரில் நிலைமை இன்னும் மோசம். எங்களிடம் வருவதற்குள் பக்கத்து ஊர் கிளினிக்கில் இரண்டு ஊசி, மருந்துக் கடையில் மூன்று வேளை மாத்திரை என்று ஏறியிருக்கும். மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் சேர்த்த பாட்டில்கள் இருக்கின்றன, ஓரளவு உதவும், முழுவதும் ஈடுகட்டாது.

அதற்காக மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது. ரத்த அழுத்தம் விழுந்த செப்டிக் ஷாக்கில், சரியான மருந்து தொடங்குவது ஒரு மணி நேரம் தாமதமாகும்போதெல்லாம் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது என்று 2006இல் வந்த ஆய்வு சொல்கிறது. எனவே அவசரப் பிரிவில் கல்ச்சர் பாட்டிலும் முதல் டோஸும் ஒரே டிரேயில் இருக்கும்படி ஏற்பாடு செய்தோம். ரத்தம் எடுக்க ஐந்து நிமிடம், உடனே மருந்து. நரம்பு கிடைக்காமல் திணறினால் மருந்துக்குத்தான் முதலிடம்.

சுத்தம் பற்றிச் சுருக்கமாக: ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்து, அரை நிமிடம் காய விட வேண்டும். துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், மேலே பிளாஸ்டிக் மூடி இருந்ததால் அது சுத்தமாகத்தான் இருக்கும் என்பது பலரின் நினைப்பு. ஏற்கெனவே போட்ட கேனுலாவிலிருந்து இழுக்கவே கூடாது. இதில் கவனக்குறைவு வந்தால் தோலில் சும்மா வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் பாட்டிலுக்குள் போய்விடும். முன்பெல்லாம் அது தோல் கிருமிதான் என்று மெதுவாகப் பேசி முடிவெடுக்க நேரம் இருந்தது. இப்போது பேனல் ஒரே மணி நேரத்தில் ‘எபிடெர்மிடிஸ், மெக்-ஏ மரபணு உண்டு’ என்று சொல்கிறது, அதாவது பென்சிலின் குடும்ப மருந்துகளுக்கு அடங்காத கிருமி என்று. அதைப் பார்த்து, அப்படிப்பட்ட கிருமிக்குப் போடும் வான்கோமைசினை வார்டில் தொடங்கிவிட்டால், இல்லாத நோய்க்கு மருந்தேறி சிறுநீரகம் அடிவாங்கும். நான்கு பாட்டிலில் ஒன்றே ஒன்றில் மட்டும் வந்திருக்கிறதா, நோயாளியிடம் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகிய குழாய்), செயற்கை இதய வால்வு ஏதாவது இருக்கிறதா என்று கேட்காமல் இந்த ரிசல்ட்டை நாங்கள் போனில் சொல்வதில்லை.

பீப் அடித்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் பேனல் இல்லை. கிராம் ஸ்டெயின்தான். 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயமேற்றும் முறை, பத்து நிமிட வேலை, செலவும் சில ரூபாய்தான். ஊதா நிறத்தில் கொத்தாக உருண்டைகள் தெரிந்தால் ஒரு வழி, இளஞ்சிவப்பில் குச்சிகள் தெரிந்தால் வேறு வழி. “மேடம், பாட்டில் அடிச்சிருச்சு, பிங்க் ராட்ஸ் நிறையத் தெரியுது” என்று நடு ராத்திரி போன் வரும்போதே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

அப்படி ஒரு ராத்திரி. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி முடிந்து வெள்ளை அணு சுத்தமாக இறங்கிப்போயிருந்த ஓர் இளைஞர். காய்ச்சல் வந்ததும் மெரோபெனம் (கார்பபெனம் வகையைச் சேர்ந்த வலுவான ஆன்டிபயாடிக்) தொடங்கியிருந்தார்கள், காய்ச்சல் இறங்கவில்லை, ரத்த அழுத்தம் சரியத் தொடங்கியிருந்தது. ஸ்லைடில் இளஞ்சிவப்புக் குச்சிகள். பேனலைப் போட்டோம். ஒரு மணி நேரம் கழித்து: கிளெப்சியெல்லா நிமோனியே, என்.டி.எம் மரபணு உண்டு.

இந்த என்.டி.எம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெரோபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு இது. டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் முதலில் பிடிபட்டது. 2010இல் லான்செட் இதழ்க் குழுமத்தில் வந்த பெரிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி, அதில் சென்னை நோயாளிகளின் கிருமிகளும் இருந்தன. அப்போது அது சர்ச்சையாகத்தான் பேசப்பட்டது. இன்று எங்கள் லேபில் அது வழக்கமான விருந்தாளி. என்.டி.எம் இருந்தால் மெரோபெனத்தை நம்ப முடியாது. விலை கூடிய செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் தனியாக வேலை செய்யாது, கூடவே அஸ்ட்ரியோனாம் சேர்க்க வேண்டும். அதே கிருமியில் என்.டி.எம் இல்லாமல் அதேபோன்ற இன்னொரு மரபணுவான ஆக்ஸா-48 வகை மட்டும் இருந்தால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் பெரும்பாலும் போதும். ‘கார்பபெனம் எதிர்ப்பு’ என்று மொட்டையாக வரும் ரிப்போர்ட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. பேனலின் உண்மையான பெருமை இங்கேதான்.

அந்த ராத்திரி டியூட்டி டாக்டர் நான் சொன்னதை எழுதிக்கொண்டு, திருப்பி ஒருமுறை படித்துக் காட்டினார். விடிவதற்குள் இரண்டு மருந்தும் ஏறிக்கொண்டிருந்தன. பழைய முறையில் அடுத்த நாள் சாயங்காலத்துக்கு மேல்தான் முழு சென்சிட்டிவிட்டி, அதாவது கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்ற சோதனையின் முடிவு, வந்திருக்கும். அவர் பிழைத்தார். ஆனால் எல்லாரும் பிழைப்பதில்லை, இதே மரபணு, இதே வேகத்தோடு சொன்னபோதும் இழந்திருக்கிறோம்.

எதிர்த் திசையிலும் பேனல் உதவுகிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வந்து, மெக்-ஏ மரபணு இல்லை என்றால் அன்றைக்கே வான்கோமைசினை நிறுத்திவிட்டு செஃபாசொலினுக்கு மாறலாம். பழைய மருந்து, விலை குறைவு, அந்தக் கிருமிக்கு வான்கோமைசினைவிட நல்ல மருந்து. டாக்டர்களிடம் “பெரிய மருந்து”க்கு மாறச் சொன்னால் உடனே மாறுகிறார்கள், சின்ன மருந்துக்கு இறங்கச் சொன்னால் தயங்குகிறார்கள். இதற்காக நான் மாடி ஏறிப்போய் ரவுண்ட்ஸில் நின்று பேசுகிறேன்.

இனி பேனல் சொல்லாததைப் பற்றி. ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரியைப் போல ஆபத்தான வரி அந்த ரிப்போர்ட்டில் வேறு இல்லை. அசினெடோபாக்டர் வந்து, பட்டியலில் உள்ள கார்பபெனம் எதிர்ப்பு மரபணு எதுவும் இல்லை என்று வந்தால் மெரோபெனம் வேலை செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டு அசினெடோபாக்டரில் பெரும்பாலும் இருப்பது ஆக்ஸா-23, எங்கள் பேனல் அதைத் தேடுவதே இல்லை. சூடோமோனாஸ் வேறு வழியிலும் தப்பிக்கும், மருந்து நுழையும் துளையை அடைத்துவிடும், நுழைந்ததை வெளியே தள்ளும். அதற்கெல்லாம் மரபணுப் பட்டியல் உதவாது. மருந்து இருக்கும் தட்டில் கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். பேனல் போட்டாலும் கல்ச்சர், சென்சிட்டிவிட்டி இரண்டையும் விடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் டெல்டா பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லை. நாள்பட்ட காய்ச்சல், நுரையீரலில் சளி, மண்ணீரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். பாட்டில் பாசிட்டிவ், ஸ்லைடில் இளஞ்சிவப்புக் குச்சிகள் தெளிவாக இருக்கின்றன. பேனலோ எதுவுமே இல்லை என்கிறது. மெஷின் கோளாறா என்று டெக்னீசியனுக்குச் சந்தேகம். ஸ்லைடை மறுபடி பார்த்தோம். குச்சியின் இரண்டு முனையும் அழுத்தமாகச் சாயம் ஏறி, நடு வெளுத்து, ஊக்கு மாதிரி இருந்தது. தட்டில் போட்டபோது ஜென்டாமைசின், கொலிஸ்டின் இரண்டு மருந்து வில்லையையும் சுற்றிக் கிருமி வளராத வட்டமே விழவில்லை, கோ-அமாக்சிகிளாவைச் சுற்றி நல்ல வட்டம். மெலியாய்டோசிஸ். அந்த நோயை உண்டாக்குவது வயல் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி. பேனலின் பட்டியலில் அதன் பெயரே கிடையாது. தானியங்கி மெஷின்கள் சில சமயம் அதைப் பக்கத்துக் கிருமியோடு குழப்பிவிடும், அதனால் வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதிசெய்தோம். செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி, அப்புறம் மாதக் கணக்கில் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை, இதுதான் சிகிச்சை. ஸ்லைடில் கிருமி தெரிந்து பேனலில் ஒன்றும் வராவிட்டால் ஸ்லைடைத்தான் நம்ப வேண்டும். சந்தேகம் வந்த நிமிடமே தட்டுகளைப் பாதுகாப்பு அலமாரிக்குள் வைத்துத் திறக்க வேண்டும், முகர்ந்து பார்க்கும் பழைய லேப் பழக்கம் இங்கே உயிருக்கே ஆபத்து.

வேகம் என்றதும் டைபாய்டுக்கு எடுக்கும் வைடால் ரத்தப் பரிசோதனை நினைவுக்கு வருகிறது. 1896இலிருந்து இருக்கும் சோதனை, சீக்கிரம் முடிவு தரும், சல்லிசு. ஒரே ஒரு தடவை வைடால் பார்த்துவிட்டு டைபாய்டு என்று முடிவுகட்டி எத்தனை பேருக்குத் தேவையில்லாத ஆன்டிபயாடிக் போகிறது! பழைய தொற்று, தடுப்பூசி, வேறு காய்ச்சல் எதுவும் அதைப் பாசிட்டிவ் ஆக்கும். டைபாய்டு என்று சந்தேகப்பட்டால் முதல் வாரத்திலேயே ரத்தக் கல்ச்சர் எடுங்கள்.

பேனல் வாங்க வசதியில்லாத லேபுகளுக்கு ஒரு நல்ல வழி உண்டு, அதை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். ஆன்டிபயாடிக் பரிசோதனைகளுக்கு விதிமுறை வகுக்கும் ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட் 2018இல் வெளியிட்ட ‘ராஸ்ட்’ முறை. பாசிட்டிவ் பாட்டிலிலிருந்து 125 மைக்ரோலிட்டரை நேராக முல்லர் ஹின்டன் என்ற வளர்ப்புத் தட்டில் பரப்பி, வழக்கமான ஆன்டிபயாடிக் வில்லைகளையே வைத்து, 4, 6, 8 மணி நேரத்தில் வட்டத்தை அளக்கலாம். ஒவ்வொரு நேரத்துக்கும் கிருமிக்கும் தனி அளவு அட்டவணை இருக்கிறது. எல்லைக்கோட்டில் விழும் வட்டத்தைச் சொல்லாமல் விட்டுவிட வேண்டும், சற்று நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். கிருமியின் பெயர் தெரிந்தால்தான் அட்டவணையைப் பயன்படுத்த முடியும் என்பது ஒன்றுதான் சிக்கல். காலையில் அடித்த பாட்டிலுக்குச் சாயங்கால ரவுண்ட்ஸுக்குள் பதில் சொல்லிவிட முடிகிறது. பேனல் இருந்தும் நாங்கள் இதையும் செய்கிறோம், ஆக்ஸா-23 விஷயத்தில் எங்களைக் காப்பாற்றுவது இந்தத் தட்டுதான்.

எத்தனை வேகமாகக் கண்டுபிடித்தாலும் சொல்ல ஆள் வேண்டும், கேட்க ஆள் வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கவனிக்கும் குழு இருந்த இடங்களில் வேகப் பரிசோதனையால் இறப்பு குறைந்தது தெளிவாகத் தெரிந்தது, குழு இல்லாத இடங்களில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. எங்கள் அனுபவமும் அதுதான். கம்ப்யூட்டரில் ரிசல்ட்டை ஏற்றிவிட்டுப் போனால் அது காலை வரை அங்கேயே கிடக்கும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லாரும் பார்ப்பார்கள், மருந்தை மாற்றுவது யார் என்று தெரியாது. இப்போது ஒவ்வொரு ஷிப்டுக்கும் யாருக்குப் போன் போட வேண்டும் என்று பெயர் எழுதி ஒட்டியிருக்கிறோம். சொன்னவர், கேட்டவர், நேரம், திருப்பிப் படித்தாரா, நான்கும் நோட்டில் ஏறும். எந்த ரிசல்ட்டுக்கு எந்த மருந்தை முதலில் யோசிக்கலாம் என்ற ஒரு பக்க அட்டவணை ஐசியூ சுவரில் இருக்கிறது. அதை மருத்துவர்கள், மருந்தாளுநர், நான் எல்லாரும் உட்கார்ந்து எங்கள் மருத்துவமனைக் கிருமிகளின் கணக்கை வைத்துத் தயாரித்தோம், வேறு ஊர் அட்டவணையைக் காப்பியடித்தால் சரிவராது.

வீட்டாருக்குச் சில வார்த்தைகள். நோயாளியை அழைத்து வரும்போது இதற்கு முன் போட்ட ஊசி, மாத்திரைச் சீட்டுகளை ஒன்று விடாமல் கொண்டுவாருங்கள், காலி மாத்திரை அட்டையாவது போதும். மருந்து தொடங்கும் முன் “கல்ச்சர் எடுத்தாச்சா டாக்டர்?” என்று மரியாதையாகக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பேனலுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். எல்லாருக்கும் அது தேவையில்லை. ஐசியூவில் இருப்பவர், எதிர்ப்புச் சக்தி இல்லாதவர், போடும் மருந்துக்குக் கேட்காதவர், இவர்களுக்குத்தான் அதன் பலன் அதிகம். கையில் பணம் இல்லையென்றால் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம், கிராம் ஸ்டெயினும் ராஸ்ட் தட்டும் வைத்தே நாங்கள் நிறையச் செய்ய முடியும்.

வீட்டுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் அதைத் தனியாகத் தருவதில்லை. அடுத்த ஆறு மாதத்துக்குள் அவருக்கு மறுபடி குளிர்காய்ச்சல் வந்து வேறொரு மருத்துவமனையில் சேர்த்தால், அங்கே முதல் ஊசியைத் தேர்ந்தெடுக்கும் டாக்டரிடம் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.